ரோம் பரிசு: பூட்டிய அறையும் குன்றின் மேல் மாளிகையும்

பிரான்ஸின் ‘பிரி த ரோம்’ என்னும் ரோம் பரிசைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் அதை வென்றவர்களை விட்டுவிட்டுத் தோற்றவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். இசையமைப்பாளர் மொரீஸ் ராவெல் ஐந்து முறை போட்டியிட்டும் முதற்பரிசு பெறவில்லை. காமிய் சேன்-சான்ஸ் இளம் வயதில் ஒரு முறையும், பெயர் பெற்ற பிறகு இன்னொரு முறையும் தோற்றார். ஓவியத்தில் தெலக்ருவாவும் ஜெரிக்கோவும் வெல்லவில்லை. இந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டு, அந்தப் பரிசு முந்நூறு ஆண்டுகளாக மேதைகளைப் புறக்கணித்து நடுத்தரங்களுக்கு மாலை சூட்டிய ஏற்பாடு என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த முடிவில் பாதி மட்டுமே உடன்பாடு. ரோம் பரிசு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் இருந்தன. ஒன்று, பாரிஸில் நடந்த போட்டி. மற்றொன்று, அதில் வென்றவருக்கு அரசுச் செலவில் கிடைத்த ரோம் வாசம். முன்னது பெரும்பாலும் மோசமாகவே நடந்தது என்றும், பின்னது ஐரோப்பாவில் ஓர் அரசு இளம் கலைஞர்களுக்குச் செய்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று என்றும் நான் கருதுகிறேன்.

தொடக்கத்தில் இதில் கலைஞரின் சுதந்திரம் என்ற பேச்சே இல்லை. பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில், 1648இல் நிறுவப்பட்டிருந்த அரச ஓவிய, சிற்பக் கழகத்தின் மாணவர்களுக்காக 1663இல் இந்தப் போட்டி ஏற்படுத்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1666இல், அமைச்சர் கோல்பேர் ரோமில் ஒரு பிரெஞ்சுக் கலைக்கழகத்தை நிறுவி, சார்ல் எரார் என்ற ஓவியரை அதன் முதல் இயக்குநராக அனுப்பினார். பன்னிரண்டு இளைஞர்கள் அங்கே தங்கிப் பயில வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் செய்ய வேண்டிய வேலையும் வரையறுக்கப்பட்டிருந்தது: பண்டைய ரோமானியச் சிலைகளைப் படியெடுப்பது, பெரிய ஓவியங்களை நகல் செய்வது, கட்டடங்களை அளந்து வரைவது. அவற்றில் பல பிரான்ஸுக்கு வந்து மன்னரின் அரண்மனைகளையும் தோட்டங்களையும் அலங்கரித்தன. கோல்பேர் ஒரு நிர்வாகி. நெசவாலைகளையும் கண்ணாடித் தொழிலையும் வளர்த்த அதே மனத்தோடுதான் இத்தாலியின் கலைச்செல்வத்தைப் பிரான்ஸுக்கு வரவழைக்கும் இந்த வழியையும் திறந்தார். ஓவியத்திலும் சிற்பத்திலும் தொடங்கிய பரிசு 1720இல் கட்டடக்கலைக்கும், 1803இல் இசைக்கும், அடுத்த ஆண்டு செதுக்கோவியத்துக்கும் விரிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கதையை இரண்டு ஓவியர்களின் பகையாகவே சொல்லிவிடலாம். 1771இல் ஜாக்-லூயி தாவீத் போட்டியிட்டபோது அவரைத் தோற்கடித்தவர் ப்ரூஜ் நகரிலிருந்து வந்த ஜோசப்-பெனுவா சூவே. மறுஆண்டும் தோற்ற தாவீத், அறைக்குள் அடைந்துகொண்டு பட்டினி கிடந்து உயிரை விட முயன்றார். 1774இல்தான் அவருக்குப் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, புரட்சி நடந்துகொண்டிருந்த 1792இல், ரோம் கழகத்தின் இயக்குநராகச் சூவே நியமிக்கப்பட்டார். அப்போது தேசியப் பேரவையில் செல்வாக்கோடு அமர்ந்திருந்தவர் தாவீத். அந்த இயக்குநர் பதவியையே ஒழிக்க வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவரும் ஒருவர்; 1793இல் அரச கழகங்கள் அனைத்தும் கலைக்கப்பட்டதிலும் அவருடைய குரலே ஓங்கியிருந்தது. சந்தேகப்பட்டவர்களைச் சிறையிட்டும் கொன்றும் புரட்சியரசு நடத்திய பயங்கர ஆட்சியின் நாட்களில் சூவே சிறையில் கிடந்தார். இதில் கொள்கை எவ்வளவு, பழைய தோல்வியின் வடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்; இரண்டும் இருந்தன என்றே நினைக்கிறேன். ஆனால் கடைசியில் நிலைத்தது சூவேயின் காரியம்தான். 1797இல் போட்டி மீண்டும் தொடங்கியது. சூவே ரோமுக்குச் சென்றார். கழகத்தின் பழைய இல்லமான மன்சீனி மாளிகை 1793இல் கலகக் கும்பலால் சூறையாடப்பட்டிருந்ததால், 1803இல் அதைக் கொடுத்து, பிஞ்சோ குன்றின் மேல் தோட்டங்களோடு நின்ற வில்லா மெடிச்சி பெறப்பட்டது. இன்றுவரை கழகம் அங்கேதான் இருக்கிறது. சூவே 1807இல் ரோமிலேயே இறந்தார்.

இசை இந்தப் பரிசுக்குள் வந்ததும் அதே 1803இல்தான். எனக்கு அதிகம் பழக்கமானது இந்தப் பகுதி என்பதால் இங்கே கொஞ்சம் நின்று, போட்டி எப்படி நடந்தது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

போட்டியாளர் முப்பது வயதுக்கு உட்பட்டவராகவும் மணமாகாதவராகவும் இருக்க வேண்டும். முதற்சுற்றில் சில நாட்கள் அடைபட்டு, கொடுக்கப்பட்ட ஒரு கருப்பொருளைக் கொண்டு ஃபியூக் ஒன்றை எழுத வேண்டும். ஒரே மெட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல குரல்களில் நுழைந்து பின்னிச் செல்லும், இலக்கணம் மிகுந்த அமைப்பு அது. பின்னாளில் அதனுடன் சேர்ந்திசைப் பாடல் ஒன்றும் கேட்கப்பட்டது. இதில் தேறியவர்கள் இறுதிச் சுற்றில் மூன்று, நான்கு வாரங்கள் தனித்தனி அறைகளில் அடைக்கப்படுவார்கள். அறையில் ஒரு பியானோ இருக்கும். எல்லோருக்கும் ஒரே கவிதை தரப்படும். புராணத்திலிருந்தோ விவிலியத்திலிருந்தோ வரலாற்றிலிருந்தோ எடுக்கப்பட்ட ஒரு நாடகத் தருணம். அதை ‘கன்டாட்டா’வாக, அதாவது மேடையில் நடிக்கப்படாத ஒரு குறுநாடக இசையாக, வாத்தியக் குழுவுக்கு உரிய முழு எழுத்தோடு அமைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே பாடகருக்காக இருந்த இந்த வடிவம் பின்னர் மூன்று பாத்திரங்களுக்கு விரிந்தது. தனிப்பாட்டு, இருவர் பாட்டு, மூவர் பாட்டு என்று ஒவ்வொன்றும் எங்கே வர வேண்டும் என்பதைக் கவிதையே தீர்மானித்துவிடும்.

தீர்ப்புச் சொல்பவர்கள் யார் என்பதுதான் இதில் விசித்திரம். இசைப் பிரிவின் உறுப்பினர்கள் முதலில் ஒரு முடிவுக்கு வருவார்கள். ஆனால் இறுதி வாக்கு நுண்கலைக் கழகம் முழுவதற்கும் உரியது. ஓவியர்கள், சிற்பிகள், கட்டடக் கலைஞர்கள், செதுக்கோவியர்கள் எல்லோரும் இசைக்கு வாக்களிப்பார்கள். அவர்கள் கேட்பதும் வாத்தியக் குழுவின் இசையை அன்று. குழுவுக்காக எழுதப்பட்டதைப் பியானோவில் சுருக்கி வாசிப்பதைக் கேட்டே தீர்ப்பு. ஹெக்டர் பெர்லியோஸ் தம் நினைவுக் குறிப்புகளில் இந்த முறையைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். வாத்தியங்களின் நிறங்களையே தன் மொழியாகக் கொண்ட ஓர் இசையமைப்பாளரைப் பியானோவை வைத்து அளப்பது வண்ண ஓவியத்தைக் கரிக்கோட்டு நகலை வைத்து மதிப்பிடுவதற்குச் சமம். ஓவியர்கள் நிறைந்த அந்தச் சபைக்கு இது தோன்றாமல் போனது வியப்பே. அடைபட்ட அறைகளின் கண்டிப்பைப் பற்றியும் அவர் நகைத்திருக்கிறார்: உள்ளே வரும் துணிமணிகளைக்கூடச் சோதித்துப் பார்ப்பார்களாம், ஆனால் மாலையில் முற்றத்துக்கு வரும் நண்பர்களோடு எதைப் பேசினாலும் கேட்பாரில்லையாம்.

பெர்லியோஸின் முயற்சிகள் இந்தப் போட்டியின் குணத்தை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. 1826இல் அவர் முதற்சுற்றிலேயே வெளியேறினார். 1827இல் ஆர்ஃபியஸின் மரணம் பற்றிய கன்டாட்டாவை அவர் எழுதியபோது, பியானோ வாசித்தவரால் அதன் வெறியாட்டப் பகுதியைச் சமாளிக்க முடியவில்லை. ஆகவே அது வாசிக்க இயலாத இசை என்று தள்ளப்பட்டது. மறுஆண்டு அடக்கமாக எழுதி இரண்டாம் பரிசு பெற்றார். இரண்டாம் பரிசு பெற்றவருக்கு அடுத்த ஆண்டு முதற்பரிசு கிடைப்பது அநேகமாக நிச்சயம் என்று எல்லோரும் எண்ணியிருந்த நிலையில், அந்தத் துணிவில் 1829இல் தமக்கு உண்மையாகத் தோன்றியதை எழுதினார். கிளியோபாட்ராவின் மரணம் அதன் பொருள். பாம்பின் நஞ்சு ஏற ஏறக் குரல் துண்டுதுண்டாகி, அடியில் தாழ்ந்த தந்திகள் இதயத்தைப் போலத் துடித்து அடங்கும் அந்த முடிவு இன்று கேட்டாலும் நடுங்க வைக்கிறது. நடுவர்கள் அந்த ஆண்டு எவருக்கும் முதற்பரிசு தரவில்லை. நடுவர்களில் ஒருவரான புவால்தியூ தெருவில் அவரைக் கண்டு, மனத்தைத் தாலாட்டும் இசையே தமக்குப் பிடிக்கும் என்று ஆதங்கப்பட்டபோது, நச்சுப்பாம்பு கடித்து வேதனையில் சாகும் எகிப்திய அரசிக்குத் தாலாட்டும் இசை எழுதுவது சற்றுக் கடினம் என்று பெர்லியோஸ் பதில் சொன்னதாக நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன.

1830இல் அவர் பாடம் கற்றிருந்தார். அசீரிய அரசன் ஒருவனைப் பற்றிய ‘சர்தனபால்’ என்ற கன்டாட்டாவை நடுவர்களின் சுவைக்கேற்ப எழுதினார். அப்போது பாரிஸில் ஜூலைப் புரட்சி வெடித்தது. வெளியே துப்பாக்கிக் குண்டுகள் பறக்க, உள்ளே கடைசிப் பக்கங்களை முடித்துவிட்டு, கையில் துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார். பரிசு கிடைத்தது. கிடைத்த பின்னர், அரண்மனை எரிந்து வீழும் ஒரு பெரிய பகுதியை அவர் கன்டாட்டாவில் சேர்த்தார். நடுவர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்த தம் உண்மையான குரலை, பரிசு கைக்கு வந்ததும் வெளியே விட்டார் என்றே சொல்ல வேண்டும். பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஊதுகொம்பு வாசிப்பவர் தம் இடத்தைத் தவறவிட, அதைப் பின்பற்றி நுழைய வேண்டிய முரசுகளும் தாளங்களும் மௌனமாகிவிட, அரண்மனை எரியவே இல்லை. இசைத்தாள்களை வாத்தியக் குழுவின் நடுவே வீசி எறிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கன்டாட்டாவில் ஒரு துண்டு மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

ஆக, போட்டி சோதித்தது திறமையை மட்டும் அன்று; எந்த அளவுக்குத் தன்னை மறைத்துக்கொள்ள முடியும் என்பதையும் அது சோதித்தது. இது வரை போட்டியின் எதிரிகளோடு நான் ஒத்துப்போகிறேன்.

ஆனால் வென்றவர் பிஞ்சோ குன்றின் மேல் ஏறிய பிறகு என்ன நடந்தது? பெர்லியோஸுக்கு ரோம் பிடிக்கவே இல்லை. அங்கு வாத்திய இசையின் நிலை அவருக்கு எரிச்சலூட்டியது. 1831இல் தம் காதலி காமிய் மோக், பியானோத் தொழிலதிபர் பிளேயலை மணக்கப் போகிறார் என்ற செய்தி கேட்டு, மாறுவேடத்துக்குப் பணிப்பெண்ணின் உடையும் கைத்துப்பாக்கிகளும் எடுத்துக்கொண்டு, பாரிஸுக்குப் போய் அவர்களைச் சுட்டுவிட்டுத் தாமும் சாவதென்று புறப்பட்டார். வழியில் நீஸ் நகரை அடைவதற்குள் வெறி தணிந்தது. அங்கேயே சில வாரங்கள் தங்கி ‘லியர் அரசன்’ முன்னிசையை எழுதினார். அப்போது வில்லா மெடிச்சியின் இயக்குநராக இருந்த ஓவியர் ஒராஸ் வெர்னே, அனுமதியின்றிப் போன இந்த மாணவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்காமல் காத்து, திரும்பி வரச் சொன்னார். ஒரு நிறுவனம் தன் விதியைத் தளர்த்திய அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். திரும்பி வந்த பெர்லியோஸ் நகரத்தில் தங்கியதைவிட அப்ருட்சி மலைகளில் கிதாரோடு அலைந்ததே அதிகம். 1834இல் அவர் எழுதிய ‘இத்தாலியில் ஹரோல்ட்’ சிம்ஃபொனி அந்த அலைச்சலிலிருந்து பிறந்தது. வில்லாவைப் பற்றி அவர் எவ்வளவு புலம்பியிருந்தாலும், அந்த மாதங்களை அவருக்கு வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

சார்ல் குனோவின் அனுபவம் நேர்மாறானது. 1839இல் வென்று அவர் சென்றபோது இயக்குநராக இருந்தவர் ஆங்க்ர். 1801இல் ஓவியத்தில் பரிசு பெற்றும், அரசிடம் பணமில்லாததால் 1806 வரை காத்திருந்து ரோமுக்குப் போனவர் அந்த ஆங்க்ர், வயலினும் வாசிப்பார். சிஸ்டைன் தேவாலயத்தில் பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பாலஸ்த்ரினாவின் இசையைக் கேட்ட குனோ அதிலிருந்து வாழ்நாள் முழுவதும் மீளவில்லை. 1840இல் ரோமில் தங்கியிருந்த ஃபான்னி ஹென்ஸல், மெண்டல்ஸோனின் தமக்கை, பாக், பேத்தோவன் ஆகியோரின் இசையைப் பியானோவில் வாசித்துக்காட்ட, பாரிஸில் தாம் சரியாக அறிந்திராத ஓர் உலகத்தை இந்த இளைஞர்கள் அங்கே அறிந்தார்கள். 1857இல் வென்ற ஜோர்ஜ் பிஸேயும் ரோமில் மகிழ்ச்சியாகவே இருந்தார். முதலாண்டு அனுப்ப வேண்டிய வழிபாட்டு இசைக்குப் பதிலாக ‘தோன் புரோக்கோப்பியோ’ என்ற நகைச்சுவை ஆபெராவை அனுப்பிவைத்தார்.

இவ்வாறு ஆண்டுதோறும் பாரிஸுக்கு ஒரு படைப்பை அனுப்பியாக வேண்டும் என்ற விதி எல்லாத் துறையினருக்கும் இருந்தது. பாரிஸின் நுண்கலைக் கழகம் அதைப் பார்த்து அறிக்கை எழுதும். குளோத் டெபுஸிக்கு எழுதப்பட்ட அறிக்கைதான் அவற்றில் புகழ்பெற்றது. 1884இல் ‘ஊதாரி மைந்தன்’ கன்டாட்டாவுக்காகப் பரிசு பெற்ற டெபுஸி, வெற்றிச் செய்தியைப் பாரிஸின் கலைப்பாலத்தில் நின்று சேன் நதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டதாகவும், கேட்டவுடன் மகிழ்ச்சியெல்லாம் வடிந்துவிட்டதாகவும், தாம் இனிச் சுதந்திரமானவர் அல்லர் என்று உணர்ந்ததாகவும் பின்னாளில் எழுதினார். ரோமில் அவர் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக இருந்தார்; பெரும்பாலும் சோர்வோடு. அவர் அனுப்பிய ‘வசந்தம்’ என்ற படைப்பைப் பற்றி 1887இல் கழகம், தெளிவற்ற இம்ப்ரெஷனிஸத்திலிருந்து (ஓவியத்தில் துல்லியமான கோட்டைவிடக் கணநேரத் தோற்றத்தையே தேடிய பாணி) அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று எச்சரித்தது. அந்தச் சொல் டெபுஸியின் இசையின்மேல் ஒட்டிக்கொண்டது. நூற்றாண்டு கடந்தும் உரிபடவில்லை. இருந்தாலும் பியானோ மேதை லிஸ்ட்டை அவர் நேரில் சந்தித்ததும், சாந்தா மரியா தெல் ஆனிமா தேவாலயத்தில் பாலஸ்த்ரினாவையும் லாஸ்ஸஸையும் கேட்டு வியந்ததும் அந்தச் சோர்ந்த ஆண்டுகளில்தான்.

கட்டடக்கலையில் இந்த அனுப்பல்கள் சில நேரம் கலகமாகவே வெடித்தன. ஆன்ரி லாபுரூஸ்த் 1820களின் இறுதியில் தென் இத்தாலியில் பாயெஸ்தும் என்ற இடத்திலுள்ள பண்டைய கிரேக்கக் கோயில்களைப் பற்றி அனுப்பிய வரைபடங்கள் கழகத்தைச் சினமூட்டின. 1899இல் வென்ற தொனி கார்னியே, பழைய இடிபாடுகளை வரைய வேண்டிய நேரத்தில், மின்சாரமும் தொழிற்சாலைகளும் பள்ளிகளும் கொண்ட ஒரு புதிய நகரத்தையே கற்பனையில் வரைந்துகொண்டிருந்தார்.

இனி ராவெல். 1901இல் அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. 1902, 1903 ஆகிய ஆண்டுகளில் ஒன்றும் இல்லை. 1905இல் முப்பது வயதுத் தடை நெருங்கிவிட்டதால் கடைசி வாய்ப்பாகப் போட்டியிட்டபோது, முதற்சுற்றிலேயே விலக்கப்பட்டார். அதற்குள் அவர் ‘நீர் விளையாட்டு’ என்ற பியானோப் படைப்பையும், தந்தி நால்வர் இசையையும், ‘ஷெஹெரஸாத்’ பாடல்களையும் எழுதி வெளியிட்டுவிட்டிருந்தார். இறுதிச் சுற்றுக்குத் தேர்வான ஆறு பேரும், நடுவர் குழுவில் இருந்த லனப்வே என்ற ஒரே ஆசிரியரின் மாணவர்கள் என்பது தெரிந்ததும் செய்தித்தாள்கள் கொதித்தன. ராவெலின் கலையில் தமக்குத் தனிப்பட்ட ஈடுபாடு இல்லை என்று ஒப்புக்கொண்டே, இந்த அநீதியைக் கண்டித்து எழுத்தாளர் ரொமேன் ரோலான் கடிதம் எழுதினார். இசைக் கல்லூரியின் இயக்குநர் தெயோதோர் டூபுவா இந்த ஊழலால் வீழ்ந்தார் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. உண்மையில் அவர் முன்பே ஓய்வை அறிவித்திருந்தார். ஆனால் அவருடைய இடத்துக்கு ராவெலின் ஆசிரியரான ஃபோரே வந்ததும், அவர் கல்லூரியின் பாடமுறையை மாற்றி அமைத்ததும், அந்தக் கோடைக்காலத்தின் விளைவுகளே. ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்: ராவெலின் கடைசி ஃபியூக்கில் தேர்வு விதிகளை வெளிப்படையாக மீறிய இடங்கள் இருந்தன. விதிப்படி மதிப்பெண் போட்ட ஒருவர் அவரை விலக்கியிருக்க முடியும். அந்த விதிகள் அளந்தவை எவை என்பதே கேள்வி.

பெண்களுக்கு 1903 வரை போட்டியில் இடமே இல்லை. 1908இல் நாதியா பூலாஞ்சே, குரல்களுக்கு எழுத வேண்டிய ஃபியூக்கை, கருப்பொருள் அதற்கே பொருந்துகிறது என்று கருதித் தந்தி வாத்தியங்களுக்கு எழுதினார். சேன்-சான்ஸ் கடுமையாக எதிர்த்தார்; ஆயினும் நாதியா இறுதிச் சுற்றுக்குப் போய் இரண்டாம் பரிசு பெற்றார். 1911இல் சிற்பத்தில் லூசியேன் ஹொவல்மான்ஸ் முதற்பரிசு வென்ற முதற்பெண் ஆனார். 1913இல், நாதியாவின் தங்கை லிலி பூலாஞ்சே, பத்தொன்பது வயதில், ‘ஃபாவுஸ்த்தும் ஹெலனும்’ என்ற கன்டாட்டாவுக்காக இசையில் முதற்பரிசு பெற்ற முதற்பெண் ஆனார். அவர்களுடைய தந்தை எர்னஸ்த் பூலாஞ்சே 1835இல் அதே பரிசை வென்றவர். குழந்தைப் பருவம் முதலே நோயாளியான லிலி முந்தைய ஆண்டு போட்டியின் நடுவே உடல்நலமின்றி விலக நேர்ந்திருந்தது. 1914இல் ரோமுக்குப் போனவரின் தங்கலைப் போர் குலைத்தது. 1918இல், இருபத்து நான்கு வயதில், அவர் இறந்தார். விவிலியச் சங்கீதப் பாடல்களுக்கு அவர் அமைத்த இசையையும் ‘பழைய பௌத்தப் பிரார்த்தனை’யையும் கேட்டவர்கள், போட்டி ஒரு முறையாவது சரியான ஆளைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்தது என்று ஒப்புக்கொள்வார்கள்.

அதன் பிறகு பரிசின் ஒளி மங்கியது. இசையில் புதிய திசைகள் எல்லாம் கழகத்துக்கு வெளியே பிறந்துகொண்டிருந்தன. இந்தப் போட்டி கேட்ட வகைக் கன்டாட்டாவைப் போட்டியாளர்களைத் தவிர அநேகமாக யாரும் எழுதவில்லை. 1938இல் வென்ற ஆன்ரி துய்த்தியேவின் ரோம் தங்கலை வரவிருந்த உலகப்போர் நான்கே மாதங்களில் முடித்துவைத்தது. 1961இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ, கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓவியர் பல்தூஸை வில்லாவின் இயக்குநராக்கினார். அடுத்த பதினாறு ஆண்டுகள் அவர் அங்கிருந்து கட்டடத்தையும் தோட்டங்களையும் புதுப்பித்தார். 1968இல், மாணவர் கிளர்ச்சிக்குப் பின், அதே மால்ரோ போட்டியை ஒழித்தார். அறைகளும் ஃபியூக்கும் கன்டாட்டாவும் போயின. வில்லா மட்டும் இருந்தது. இன்று அங்கே தங்குபவர்கள் தங்கள் திட்டத்தை எழுதி விண்ணப்பித்துத் தேர்வு பெறுகிறார்கள். எழுத்தாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் கலை வரலாற்றாய்வாளர்களும் அவர்களில் உண்டு. மால்ரோ எடுத்த அந்த முடிவை, கத்தியை வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தது என்றே நான் படிக்கிறேன்.

பரிசுக் கன்டாட்டாக்களைக் கேட்டுப் பார்க்க விரும்புபவர்கள் பெர்லியோஸின் ‘கிளியோபாட்ராவின் மரண’த்தில் தொடங்கலாம், பரிசு பெறாத அதுவே அவற்றில் தலைசிறந்தது. பிறகு லிலியின் ‘ஃபாவுஸ்த்தும் ஹெலனும்’. டெபுஸியின் ‘ஊதாரி மைந்த’னில் தாய் பாடும் தனிப்பாட்டு இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது, மீதியை ஒரு முறை கேட்டால் போதும். ராவெலின் கன்டாட்டாக்களும் ஒலிப்பதிவில் கிடைக்கின்றன. அவற்றை நான் பொறுமையோடு கேட்டிருக்கிறேன்; அவை நேர்த்தியானவை, ஆனால் தந்தி நால்வர் இசையை எழுதிய கை அவற்றில் அரிதாகவே தென்படுகிறது.